அடிமையாயிருந்த ஆசிரியர் எபிக்ரெற்றஸ்

இடுக்கண் இல்லாத வாழ்வு எவருக்கும் வாய்த்ததில்லை. பெருந் துன்பங்கள் ஒரு மனிதனுடைய வாழ்நாளிலே சில முறையே வருவன. நாள்தோறும் நமது மனத்தை அரித்துத் தின்பன சிறிய தொல்லைகளே. காலையிலே பஸ் தவறிவிடுகின்றது. பரீட்சையிலே எதிர்பார்த்த புள்ளி கிடைக்கவில்லை. நண்பன் பலர் முன்னிலையிலே ஏளனமாக ஒரு சொல் சொல்லிவிடுகின்றான். வேலியோரத்து ஒரு சாண் நிலங் காரணமாக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிடுகின்றனர். இத்தகைய வேளைகளிலே, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லி நம்மைத் தேற்றுவோர் பலர். அவர்களுடைய அன்பை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அச்சொல் உள்ளத்திலே ஆழமாய் இறங்குவதில்லை. நோவை நோவு அன்று என்று சொல்லுவதனால் நோவு தீர்ந்துவிடுமா?

வெறுந் தேறுதல் ஒன்று. துன்பத்தை நேரே பார்த்து, அதனை வேறொரு பக்கத்தாற் பற்றித் தூக்கப் பழகுதல் வேறொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமது வாழ்க்கையினாலேயே விளக்கிய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை இவ்வாண்டு மலரிலே இளைஞர்க்கும் மூத்தோர்க்கும் எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம். அவர் அரசருமல்லர், செல்வருமல்லர். அடிமையாக வளர்ந்தவர், கால் ஊனமுற்றவர், இருந்த நகரைவிட்டுத் துரத்தப்பட்டவர். எபிக்ரெற்றஸ் என்பது அவர் பெயர்.

கி. பி. 50 ஆம் ஆண்டளவிலே, சின்ன ஆசியாவில் பிரிகியா நாட்டைச் சேர்ந்த எராப்போலி என்னும் நகரிலே அவர் பிறந்தார். இன்று அவ்விடம் துருக்கி தேசத்திலே பமுக்கலே எனும் பெயரோடு, வெந்நீரூற்றுக்களுக்கும் வெண்மையான சுண்ணப் படிவுகளுக்கும் பேர்போனதாய் விளங்குகின்றது. மிஷன் பாடசாலைகளிலே வேதபாடங் கேட்ட நம்மிற் சிலர்க்கு எராப்போலி என்ற பெயர் புதிதன்று. பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியிலே அப்பெயர் வருகின்றது.

எபிக்ரெற்றஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சம்பாதிக்கப்பட்டவன் என்பது பொருள். தாய் தந்தையர் ஆசையோடு சூட்டிய பெயர் வேறு எதுவும் சரித்திரத்திலே நிலைக்கவில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் குறியிடுவதுபோல இடப்பட்ட அந்தப் பெயரையே அவர் இறுதிவரை தாங்கினார். தம்மைத் தாழ்த்துவதற்கென்று இடப்பட்ட சொல்லைத் தமது நடத்தையினால் உயர்த்திக் காட்டினார் என்றே நாம் சொல்ல வேண்டும்.

இளமையிலேயே அவர் உரோமாபுரிக்குக் கொண்டு வரப்பட்டார். அவருடைய எசமானன் எப்பாப்பிரோதீத்து என்பவன். அவனும் ஒரு காலத்திலே அடிமையாயிருந்து விடுதலை பெற்றவனே. நீரோ சக்கரவர்த்தியின் அரண்மனையிலே, குடிகளின் விண்ணப்பங்களைக் கவனிக்கும் செயலாளனாகப் பெருஞ் செல்வாக்கோடு இருந்தான். கி. பி. 68 இலே நீரோ ஆட்சியிழந்து தப்பியோடித் தன்னுயிரைத் தானே மாய்த்தபோது, அதற்குக் கைகொடுத்தவனும் இவனே. அந்த ஒரு செயலைக் குற்றமாக்கி, ஏறக்குறைய 27 ஆண்டுகளின் பின்னர் டொமிஷியன் சக்கரவர்த்தி அவனுக்கு மரணதண்டனை விதித்தான். பெரியோர் வீட்டுக் கதவின் பின்னாலே எவ்வளவு அச்சம் குடியிருக்கின்றது என்பதை அறிவதற்கு, அவ்வீட்டிலே அடிமையாயிருப்பதைவிட வேறு நல்ல பள்ளிக்கூடம் இல்லை. எபிக்ரெற்றஸ் அப்பள்ளியிலே நன்றாகப் படித்தார்.

அங்கே கண்ட இரண்டு காட்சிகளை அவர் பிற்காலத்திலே தமது மாணவர்க்குச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. ஒரு நாள் ஒருவன் ஓடிவந்து எப்பாப்பிரோதீத்துவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தான் அழிந்துபோய்விட்டதாகவும், தன்னிடம் இனிப் பதினைந்து இலட்சம் காசு மாத்திரமே எஞ்சியிருப்பதாகவும் சொல்லி அழுதான். எசமானன் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய துன்பத்தை எப்படி வாய்திறவாமற் பொறுத்திருந்தாய் என்று வியந்து இரங்கினான். பக்கத்திலே நின்ற அடிமைக்கோ உடுத்த துணியும் சொந்தமன்று. வறுமை என்பது கையிலுள்ள காசின் தொகை மட்டுமன்று, அதற்கு மனம் இடுகின்ற பெயருங்கூட என்பதை அவ்வடிமை அங்கே கண்டுகொண்டார்.

மற்றைய காட்சி பெலீசியோ என்னும் சக்கிலியனைப் பற்றியது. அவன் பயனற்றவன் என்று எப்பாப்பிரோதீத்து அவனை விற்றுவிட்டான். தற்செயலாக அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் அவனை வாங்கினார். அவன் சக்கரவர்த்திக்குச் செருப்புத் தைப்பவன் ஆனான். பிறகு பார்க்க வேண்டுமே! நேற்றுவரை அவனை ஏசிய எசமானன், இன்று அவனை வரவேற்றுக் குழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு ஆலோசனை நடத்தினான். பெலீசியோ மாறவில்லை, அவனைப் பற்றிய எண்ணமே மாறியது. மற்றவர் நம்மை மதிப்பதும் இகழ்வதும் எத்தனை இலேசான நூலிலே தொங்குகின்றன என்பதை இக்கதை காட்டுகின்றது.

எபிக்ரெற்றஸ் நொண்டி நடந்தவர். அதன் காரணத்தைப் பற்றி இரண்டு வரலாறுகள் பழைய நூல்களிலே உள்ளன. எசமானன் அவருடைய காலை முறுக்கியபோது, முறுக்கினால் ஒடிந்துவிடும் என்று அவர் அமைதியாய்ச் சொன்னார் என்றும், ஒடிந்த பின்னரும் முன்னரே சொன்னேனல்லவா என்று அவ்வாறே அமைதியாய்ச் சொன்னார் என்றும் ஒரு வரலாறு கூறுகின்றது. வாதநோயினாலே கால் ஊனமுற்றது என்பது மற்றொன்று. எதுவாயினும், கால் ஊனம் நடைக்குத் தடையேயன்றி நல்லவற்றை விரும்பும் உள்ளத்துக்குத் தடையன்று என்பது அவர் கண்ட முடிபு. ஊனத்தை அவர் இன்பம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் மறைக்கவில்லை. அதன் எல்லை எது என்பதைத் தெளிவாக அளந்து கொண்டார். காலிலே உள்ள ஊனத்தை மனத்துக்கு ஏறவிடாமல் நிறுத்திக் கொண்டார்.

இந்த அளவையை அவருக்குக் கற்பித்தவர்கள் ஸ்தோயிக்கர் எனப்படும் தத்துவ ஞானிகள். கி. மு. 300 அளவிலே சீனோ என்பவர் ஆதென்ஸ் நகரத்துச் சித்திர மண்டபம் ஒன்றிலே இருந்து போதித்தமையால், மண்டபத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அக்கூட்டத்தாருக்கு அப்பெயர் வந்தது. எபிக்ரெற்றஸ் காலத்திலே உரோமாபுரியில் அம்மரபின் சிறந்த ஆசிரியராய் விளங்கியவர் மூசோனியஸ் ரூபஸ். அடிமையாய் இருந்தபோதே அவருடைய பாடங்களைக் கேட்கும் வாய்ப்பு எபிக்ரெற்றசுக்குக் கிடைத்தது.

மூசோனியஸ் கண்டிப்பான ஆசிரியர். எசமானன் உனக்கு இன்ன இன்ன தீங்கு செய்வான் என்று சொல்லி மாணவனைச் சோதிப்பார். தருக்க சாத்திர வகுப்பிலே ஒரு நாள், ஒரு வாதத்திலே விடுபட்டிருந்த படியை எபிக்ரெற்றஸ் கண்டுபிடிக்கத் தவறிவிட்டார். ஆசிரியர் கடிந்து கொண்டார். கப்பிற்றோல் கோயிலை நான் எரித்துவிட்டேனா, இதற்கா இத்தனை கோபம் என்று மாணவர் கேட்டார். கப்பிற்றோல் என்பது உரோமரின் தலைமைக் கோயில், கி. பி. 69 இலே நடந்த உள்நாட்டுப் போரிலே அது தீக்கிரையாகியிருந்தது. இந்த வகுப்பிலே நீ விட்ட படிதான் கப்பிற்றோல் என்று ஆசிரியர் பதில் சொன்னார். சிறியதென்று நாம் தள்ளிவிடும் காரியத்திலேதான் நம்முடைய பயிற்சி இருக்கின்றது என்னும் பாடத்தை எபிக்ரெற்றஸ் அன்று கற்றார். பிற்காலத்திலே தாமும் அதையே கற்பித்தார்.

காலகதியிலே அவர் விடுதலை பெற்று, உரோமாபுரியிலேயே தத்துவம் போதிக்கத் தொடங்கினார். அவருடைய வீட்டுக்குத் தாழ்ப்பாளே வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு பாயும் படுக்கையும் தவிரக் களவு போவதற்கு ஒன்றும் இல்லை என்று பிற்காலத்து உரையாசிரியர் சிம்பிளிசியஸ் எழுதியிருக்கின்றார். ஆயினும் அந்த அமைதியும் நீடிக்கவில்லை. கி. பி. 90 ஐ அண்டிய ஆண்டுகளிலே டொமிஷியன் தத்துவ ஞானிகளை உரோமாபுரியிலிருந்து வெளியேற்றினான். சுதந்தரமாய்ச் சிந்திப்போரைக் கண்டால் அவனுக்கு அச்சம். எபிக்ரெற்றஸ் நாற்பது வயதளவிலே, ஊன்றிய காலும் ஊனக்காலுமாய் நகரைவிட்டு வெளியேறினார்.

அவர் சென்றடைந்த ஊர் கிரேக்க நாட்டின் வடமேற்குக் கரையிலே உள்ள நிக்கொப்போலி. அக்தியம் என்னுமிடத்திலே கி. மு. 31 இலே நடந்த கடற்போரில் வென்றதன் நினைவாக, பின்னர் ஒகஸ்ரஸ் எனப் பெயர்பெற்ற சக்கரவர்த்தி அமைத்த நகரம் அது. வெற்றிநகர் என்பது அதன் பெயரின் பொருள். துரத்தப்பட்ட ஒருவர் வெற்றிநகரிலே குடியேறினார்! இத்தாலிக்கும் கிரேக்கத்துக்குமிடையே போவார் வருவார் தங்கும் துறையாகையால், அங்கே அவருடைய பள்ளிக்கு மாணவர் வந்து குவிந்தனர். உரோமாபுரியிலேயே இருந்திருந்தால் பலருள் ஒருவராய் இருந்திருக்கக் கூடியவர், நாடுகடத்தலின் பயனாகத் தனிப் பள்ளியொன்றின் தலைவரானார். டொமிஷியன் கி. பி. 96 இலே கொலையுண்டான். எபிக்ரெற்றஸ் தமது பள்ளியை நிக்கொப்போலியிலேயே தொடர்ந்து நடத்தினார்.

அப்பள்ளி மாணவர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். இன்றைய பல்கலைக்கழக விடுதியிலே கேட்கும் முறைப்பாடுகளெல்லாம் அங்கேயும் கேட்டன. ஊரிலும் நமக்கு வசதியில்லை, இங்கேயும் இல்லை. நிக்கொப்போலியின் குளிப்பிடங்கள் அழுக்கானவை. வீட்டு நினைவு வருகின்றது. படித்து என்ன பயன் என்று ஊரார் கேட்பார்கள். இவற்றையெல்லாம் ஆசிரியர் பொறுமையோடும் சில வேளை நகைச்சுவையோடும் கேட்டார். மூக்கு ஒழுகுகின்றதே, உலகிலே இப்படி ஒரு தொல்லை ஏன் வைக்கப்பட்டது என்று முறையிட்டவனுக்கு, அதைத் துடைப்பதற்குக் கையும் தரப்பட்டிருப்பதை நினைவூட்டினார். துன்பத்தைக் கண்ட கண்ணினாலேயே, அதைத் தாங்குவதற்கு நம்மிடம் உள்ள ஆற்றலையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. நோவு வந்தால் பொறுமை என்னும் ஆற்றல் இருக்கின்றதா, வசைச்சொல் வந்தால் அடக்கம் என்னும் ஆற்றல் இருக்கின்றதா என்று மனப்பெட்டியைத் திறந்து தேடும்படி அவர் சொன்னார்.

ஒலிம்பியா விளையாட்டுக்களை அவர் அடிக்கடி எடுத்துக் காட்டினார். நான்காண்டுக்கு ஒருமுறை கிரேக்கர் அங்கே திரளுவர். கொளுத்தும் வெயில், மூச்சுவிட முடியாத நெரிசல், குளிக்க நல்ல வசதியில்லை, மழை வந்தால் நனைய வேண்டும், கூச்சலோ சொல்லி முடியாது. ஆனால் பீடியாஸ் என்னும் சிற்பி செய்த சீயஸ் தெய்வத்தின் உருவையும் வீரரின் ஆட்டத்தையும் காணும் பேறு இருப்பதனால் எவரும் வீட்டிலே தங்குவதில்லை. வெயிலும் நெரிசலும் அங்கே இல்லாமற் போய்விடவில்லை. அவை எதன் பொருட்டுப் பொறுக்கப்படுகின்றன என்பது தெரிந்திருப்பதால், அவற்றின் பாரம் குறைந்துவிடுகின்றது. நமது திருவிழாக் கூட்டத்தை நினைப்பவர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

குளிப்பிடத்துக்குப் போகுமுன் அங்கே என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதும் அவருடைய பாடங்களுள் ஒன்று. தண்ணீரை வாரித் தெறிப்பவன் இருப்பான், தள்ளுபவன் இருப்பான், ஏசுபவன் இருப்பான், துணியைத் திருடுபவனும் இருப்பான். குளிக்க மட்டும் போகின்றவன் இவற்றுக்குச் சினப்பான். குளிக்கவும் வேண்டும், மனமும் குலையாதிருக்க வேண்டும் என்ற இரண்டு நோக்கத்தோடு போகின்றவன் முதல் நோக்கம் கெட்டாலும் இரண்டாவதைக் காத்துக்கொண்டு வீடு திரும்புவான். இது வெறும் நம்பிக்கை வார்த்தையன்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். தொல்லை வராது என்று அவர் சொல்லவேயில்லை. வரும் என்று முன்னரே சொல்லி, வந்தபோது எதைக் காக்க வேண்டும் என்பதையே கற்பித்தார்.

ஒரு நிகழ்ச்சி வேறு, அதற்கு நாம் ஒட்டும் சொல் வேறு என்பதே அவருடைய போதனையின் நடுநாடி. நண்பன் தெருவிலே காணாததுபோலப் போனான், இது நிகழ்ச்சி. என்னை அவமதித்தான் என்பது நாம் ஒட்டிய சொல். பரீட்சையிலே புள்ளி குறைந்தது, இது நிகழ்ச்சி. நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்பது நாம் ஒட்டிய சொல். நிகழ்ச்சி பெரும்பாலும் நமது கைக்கு அப்பாற்பட்டது. ஒட்டும் சொல்லோ முழுவதும் நமது கையில் உள்ளது. நெஞ்சைக் குத்துவது பெரும்பாலும் அந்த ஒட்டுச் சொல்லேயாகும். அதைப் பிரித்தெடுத்துவிட்டுப் பார்த்தால், எஞ்சியிருக்கும் காரியம் செய்து முடிக்கக்கூடிய அளவினதாய்ச் சிறுத்துவிடும்.

இதையே அவர் இரண்டு கைபிடியுள்ள ஒரு பாத்திரத்தின் உவமையாலும் விளக்கினார். ஒரு பக்கத்துப் பிடியாலே பாத்திரத்தைத் தூக்க முடியாது. மற்றப் பக்கத்துப் பிடியாலே தூக்கலாம். தமையன் அநீதி செய்துவிட்டான் என்றால், அநீதி என்ற பிடியைப் பற்றினால் காரியம் நகராது. உடன் பிறந்தவன், ஒரே மடியிலே வளர்ந்தவன் என்ற பிடியும் அதே பாத்திரத்திலே இருக்கின்றது. இந்த இரண்டாவது பிடி கற்பனையன்று. முதலாவதைப் போலவே உண்மையானது. வேலி வழக்குக்காகத் தலைமுறை தலைமுறையாய்ப் பேசாதிருக்கும் குடும்பங்களைக் கண்ட மூத்தோர் இவ்வுவமையின் அருமையை நம்மைவிட நன்கு அறிவர்.

பெரிய துன்பத்திலே போய் இதனைப் பழகத் தொடங்கலாகாது. சிந்திய எண்ணெய், களவுபோன சிறிது திராட்ச இரசம், உடைந்த சட்டி ஆகியவற்றிலேயே பழகவேண்டும் என்றார். அவரும் அவ்வாறே பழகியவர். அவருடைய வீட்டிலே தெய்வ உருவங்களின் பக்கத்திலே ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஓர் இரவு சாளரப் பக்கம் சத்தங் கேட்டு இறங்கி ஓடினார், விளக்கைக் காணவில்லை. திருடனுக்கும் ஏதோ ஒரு காரணம் தோன்றியிருக்கின்றது என்று எண்ணினார். நாளைக்கு ஒரு மண்விளக்கு வாங்குவோம் என்று முடிவு செய்துகொண்டார். அந்தத் திருடன் ஒரு விளக்குக்காகத் தன் நேர்மையையே விலையாகக் கொடுத்துவிட்டான். நட்டம் அவனுடையதே என்று மாணவர்க்கு அதனையும் ஒரு பாடமாக்கினார்.

இவ்விடத்திலே இளைஞர் மனத்திலே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். எல்லாவற்றையும் மனத்தாற் சரிசெய்து கொள் என்று சொல்லுவது, அநீதிக்கு அடங்கிப் போ என்று சொல்லுவதாகாதா? அடிமையை அடிமையாகவே இருக்கச் செய்யும் தாலாட்டு அல்லவா இது? இந்தக் கேள்வியை மழுப்பிவிட்டு எபிக்ரெற்றசைப் புகழ்வது நேர்மையாகாது.

அடிமை முறையை ஒழிப்பதற்கு அவர் ஓர் இயக்கம் நடத்தவில்லை என்பது உண்மை. அக்காலத்து உரோம உலகிலே அத்தகைய இயக்கம் எழவுமில்லை. ஆனால் அவருடைய போதனை எத்திசையை நோக்கி நின்றது என்பதைப் பார்க்க வேண்டும். வெந்நீர் கேட்டேன், அடிமை ஆறிய நீரைக் கொண்டு வந்தான் என்று சினந்த எசமானனுக்கு, அந்த அடிமையும் ஒரே கடவுளின் பிள்ளை, உன் சகோதரன் என்று அவர் எடுத்துச் சொன்னார். விலைகொடுத்து வாங்கினேன் என்று காட்டும் சட்டத்தை உயிரற்ற சட்டம் என்று இகழ்ந்தார். எசமானர்களின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பிலே, அடிமையாய் இருந்த ஒருவர் இதைச் சொன்னார் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னுமொன்று. எல்விடியஸ் பிரிஸ்கஸ் என்னும் மூதவை உறுப்பினரை அவர் மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டினார். வெஸ்பாசியன் சக்கரவர்த்தி, மூதவைக்கு வராதே, வந்தாலும் வாய் திறவாதே என்று கட்டளையிட்டபோது, உறுப்பினனாக இருக்கும்வரை வருவது என் கடமை, கேட்டால் உள்ளதைச் சொல்லுவதும் என் கடமை என்று பிரிஸ்கஸ் விடை கூறினார். அவர் நாடுகடத்தப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டார். இழப்பைக் கண்டு நடுங்காத மனம் படைத்தவனே அநீதிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியும் என்பதற்காகவே எபிக்ரெற்றஸ் இக்கதையைச் சொன்னார். அச்சத்தை அகற்றும் பயிற்சி அடங்கிப் போகும் பயிற்சியன்று.

மேலும், இந்தப் போதனை ஒருவன் தனக்குத் தானே சொல்லிக் கொள்வதற்கு உரியது. பிறர் துன்பத்தைக் கண்டு அவர்மேல் எறிவதற்கு உரியதன்று. பிள்ளையைப் பிரிந்தோ பொருளை இழந்தோ அழுபவனைக் கண்டால், அன்பான சொல்லாலே அவனோடு துணை நிற்கவும், வேண்டுமானால் அவனோடு சேர்ந்து பெருமூச்செறியவும் அவர் மாணவர்க்குச் சொன்னார். நமது உள்ளம் நிலைகுலையாதிருக்க வேண்டும். ஆனால் நமது கை நீளவேண்டும். எல்லாம் நன்மைக்கே என்று பிறனுக்குச் சொல்வது எளிது. அவனுடைய சுமையிலே ஒரு பக்கத்தைப் பிடிப்பதே அரிது.

அவர் அந்த அரியதையும் செய்தார். பெரும்பகுதி வாழ்நாளைத் தனியராகவே கழித்தவர், முதுமையிலே நண்பர் ஒருவரின் குழந்தை வறுமையினாலே கைவிடப்பட இருந்ததை அறிந்தார். வேண்டாத குழந்தைகளை வெளியே விட்டுவிடுவது அக்காலத்து உரோம உலகிலே நடைபெற்ற ஒன்று. அவர் அக்குழந்தையைத் தமதாக ஏற்று, அதனைப் பராமரிப்பதற்காக ஒரு பெண்ணையும் வீட்டிலே வைத்துக் கொண்டார் என்று சிம்பிளிசியஸ் கூறுகின்றார். தாழ்ப்பாள் வேண்டாத வீட்டை விரும்பியவர், ஓர் உயிரின் பொருட்டு அதனைக் குடும்பமாக்கினார். சம்பாதிக்கப்பட்டவன் என்று பெயர்பெற்றவர், கைவிடப்பட இருந்த ஒரு குழந்தையைச் சம்பாதித்துக் கொண்டார்.

ஏட்ரியன் சக்கரவர்த்தியும் அவரோடு நட்புப் பூண்டிருந்தார் என்பர். கி. பி. 135 அளவிலே எபிக்ரெற்றஸ் காலமானார். அவர் இறந்த பின்னர், அவருடைய மண்விளக்கை ஒருவன் 3000 திராக்மா கொடுத்து வாங்கினான். விளக்கை வைத்துப் படித்தால் அவருடைய ஞானம் இரவிலே வந்து சேரும் என்று அவன் நம்பினான் போலும் என்று லூசியன் என்னும் எழுத்தாளர் நகைக்கின்றார். திருடனுக்கு நன்றி! இரும்பு விளக்குப் போனபடியாலே அல்லவா மண்விளக்கு வந்தது?

எபிக்ரெற்றஸ் தாமாக ஒரு நூலும் எழுதவில்லை. அவருடைய மாணவரும், பிற்காலத்திலே அலெக்சாந்தரின் சரித்திரத்தை எழுதியவருமான அர்ரியன் என்பவர் வகுப்பிலே கேட்டவற்றை எழுதி வைத்தார். அவ்வுரைகள் எட்டுப் புத்தகங்களாய் இருந்தன. அவற்றுள் நான்கே இன்று எஞ்சியுள்ளன. அவற்றின் சாரத்தைச் சுருக்கிக் கையேடு எனப் பொருள்படும் பெயரோடு சிறு நூலொன்றும் செய்யப்பட்டது. கி. பி. 161 முதல் 180 வரை உரோம உலகை ஆண்ட மார்க்கஸ் ஒரேலியஸ், எபிக்ரெற்றசின் உரைகளைத் தமக்குப் படிக்கத் தந்தமைக்காகத் தமது ஆசிரியர் ரஸ்திக்கசுக்கு நன்றி எழுதியுள்ளார். போரும் கொள்ளைநோயும் நாட்டை வாட்ட, பெற்ற பிள்ளைகளிற் பலரைப் பறிகொடுத்த அந்தச் சக்கரவர்த்திக்குத் துணைநின்றவை ஓர் அடிமையின் சொற்கள்.

நமது காலத்துக்கு அண்மையிலும் அச்சொற்கள் வேலை செய்திருக்கின்றன. நியூயோர்க் நகரத்து உளவியலாளர் அல்பேட் எலிஸ் 1950 ஆம் ஆண்டுகளின் நடுவிலே தாம் வகுத்த உளச்சிகிச்சை முறைக்கு எபிக்ரெற்றஸ் ஒரு மூலம் என்று வெளிப்படையாகவே கூறினார். 1960 ஆம் ஆண்டுகளிலே ஏரன் பெக் என்னும் மருத்துவர் மனச்சோர்வுக்கு வகுத்த சிகிச்சையும் இவ்வழியினதே. நோயாளி தன் மனத்திலே தானாய் எழும் எண்ணத்தைத் தாளிலே எழுதி, அது உண்மைதானா, அதற்குச் சான்று என்ன, வேறு விதமாகப் பார்க்க இயலுமா என்று ஆராயும்படி அச்சிகிச்சை பயிற்றுகின்றது. நிகழ்ச்சியையும் ஒட்டுச் சொல்லையும் பிரித்தல் என்னும் பழைய பாடமே இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கின்றது. மனச்சோர்வு நோயாக முற்றியவர்க்கு வைத்தியரின் துணையும் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் நன்று. நூலறிவு ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்தாகாது.

ஜேம்ஸ் ஸ்ரொக்டேல் என்னும் அமெரிக்கக் கடற்படை விமானியின் கதை இதனினும் வியப்பானது. 1965 இலே வடவியட்நாமிலே அவருடைய விமானம் சுடப்பட்டு வீழ்ந்தது. கால் முறிந்தது, ஏழாண்டுகளுக்கு மேல், 1973 வரை, சிறையிலே சித்திரவதைப்பட்டார். பல்கலைக்கழகத்திலே படித்த எபிக்ரெற்றசை அங்கே நினைவிலிருந்து எடுத்து வாழ்ந்தார். நொண்டி நடந்த ஆசிரியருக்கு நொண்டி நடந்த மாணவர் பத்தொன்பது நூற்றாண்டுகளின் பின்னர் கிடைத்தார். நத்தாருக்குள் வீடு போய்விடுவோம், அது தவறினால் ஈஸ்ரருக்குள் போய்விடுவோம் என்று நாள் குறித்து நம்பியவர்களே அச்சிறையிலே நெஞ்சுடைந்து போனார்கள் என்று அவர் பிற்காலத்திலே கூறினார். இறுதியிலே நன்மை வரும் என்ற உறுதியை விடாமல், இன்றைய நிலைமையின் கொடுமையையும் மறைக்காமற் பார்த்தவர்களே தாங்கி நின்றார்கள். போலித் தேறுதலுக்கும் உண்மைத் தெளிவுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துலக்கமாய்க் காட்டல் இயலாது.

இளைஞர்களே! நம்மிற் பெரும்பாலோர்க்குச் சங்கிலியும் சிறையும் வாய்க்கப் போவதில்லை. நமக்கு வாய்ப்பவை தவறிய பஸ்ஸும், குறைந்த புள்ளியும், கிடையாத உத்தியோகமும், வீட்டுக்குள் எழும் மனத்தாங்கலுமே. இவற்றைப் பொன் என்று நாம் பூசிக் காட்ட வேண்டியதில்லை. வந்தது எது, அதன்மேல் நாம் ஒட்டியது எது என்று பிரித்துப் பார்ப்போம். தூக்க முடியாத பிடியை விட்டுத் தூக்கக் கூடிய பிடியைத் தேடுவோம். மாற்றக் கூடியதை மாற்றக் கைகளை மடித்துக் கட்டுவோம். பக்கத்திலே நிற்பவனின் பாத்திரமும் பாரமாயிருந்தால், அதற்கும் ஒரு கை கொடுப்போம். சிந்திய எண்ணெயிலே இதனை இன்று பழகினால், பெருந் துன்பம் வரும் நாளிலே மனம் அந்நியமாய் நிற்காது. இரும்பு விளக்குப் போனால் மண்விளக்கு ஏற்றலாம், வெளிச்சம் ஒன்றே.